ஐந்து டப்பா, ஒரு வயிறு

கேள்வி: ஒரு வருடமாக வயிற்று உப்புசம். சில நாள் மலச்சிக்கல், சில நாள் பேதி, எந்நேரமும் அசதி. புரோபயாடிக் (நல்ல பாக்டீரியா), செரிமான என்சைம், மெக்னீசியம், இரும்புச்சத்து, மெல்லும் மல்டிவிட்டமின் ஐந்தையும் ஒரே நாளில் ஆரம்பித்து மூன்று வாரம் ஆகிறது. வயிறு முன்பைவிட மோசம். எதை நிறுத்தலாம்?

பதில்: மருத்துவர் எழுதிக் கொடுத்தது ஏதும் அதில் இல்லையென்றால், ஐந்தையும். சேர்த்து ஆரம்பித்ததால் எது உதவியது, எது கெடுத்தது என்று இப்போது யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

ஆனால் சந்தேகப்பட இடம் உண்டு. மெக்னீசியம் ஆக்சைடும் சிட்ரேட்டும் குடலுக்குள் நீரை இழுப்பவை. மலமிளக்கியாக விற்பதும் இவைதான். சப்ளிமென்டாக மட்டும் நாளைக்கு 350 மி.கி. தாண்டினால் பலருக்குப் பேதியாகும். இரும்பு நேர் எதிர்: மலத்தை இறுக்கும், கறுக்க வைக்கும். இரண்டையும் ஒன்றாக விழுங்கினால், ஒருநாள் இப்படி மறுநாள் அப்படி என்று தடுமாறுவதில் டப்பாக்களுக்கும் பங்கிருக்கலாம்.

இனி டப்பாவைத் திருப்பி, பொடி எழுத்தில் இருக்கும் ‘இதர பொருட்கள்’ வரியைப் படியுங்கள். மெல்லும் மாத்திரையில் இனிப்புக்குச் சார்பிட்டால், மானிட்டால், சைலிட்டால் இருக்கும். புரோபயாடிக்கில் ‘பிரீபயாடிக்’ (நல்ல பாக்டீரியாவுக்குத் தீனி) என்ற பெயரில் இனுலின் என்ற நார்ச்சத்தைச் சேர்த்திருப்பார்கள். இவை சரியாக உறிஞ்சப்படாமல் பெருங்குடலுக்குப் போய்ப் புளித்து வாயுவாகும். உப்புசத்துக்கு வாங்கிய டப்பாவே உப்புசத்தைக் கூட்டுவது இப்படித்தான்.

இரண்டு வாரம் எதுவும் வேண்டாம். சாப்பிட்டது, மலம், வலி, தூக்கம் நான்கையும் நோட்டில் குறியுங்கள். பிறகு ஒன்றே ஒன்றைச் சேர்த்து நான்கு வாரம் பாருங்கள். முதலில் சேர்க்க எங்கள் தேர்வு இந்த ஐந்தில் இல்லாத இசப்கோல். மலச்சிக்கல், பேதி இரண்டுக்கும் பொருந்தும். கோதுமைத் தவிடு போல வயிற்றைக் கிளறாது. தினம் 3 கிராமில் தொடங்கி, வாரம் ஒருமுறை கொஞ்சம் ஏற்றி, 10 கிராம் வரை போகலாம். 240 மி.லி. தண்ணீரில் கலக்கியதும் குடித்துவிட வேண்டும்; விட்டால் தம்ளரிலேயே கூழாக உறைந்துவிடும். தண்ணீர் குறைந்தால் அதே கூழ் தொண்டையில் அடைக்கும், விழுங்கச் சிரமப்படுபவர்களுக்கு இது ஆகாது. மற்ற மருந்துகளுக்கும் இதற்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

மலத்தில் ரத்தம், தார் போல ஒட்டும் கறுப்பு மலம், காரணமில்லாமல் எடை குறைதல், தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி, 50 வயதுக்கு மேல் புதிதாக ஆரம்பித்த தொல்லை: இவற்றில் ஒன்று இருந்தாலும் கடை வேண்டாம், மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: அசதிக்கு இரும்பு மாத்திரை வாங்கப் போனால், ஒன்றில் 325 மி.கி., இன்னொன்றில் 65 மி.கி. என்று போட்டிருக்கிறது. எது வீரியம் அதிகம்?

பதில்: இரண்டும் ஒன்றாகவே இருக்கலாம். 325 என்பது ஃபெரஸ் சல்ஃபேட் உப்பின் எடை; அதற்குள் இருக்கும் இரும்பு 65 மி.கி. தான். மற்ற இரும்பு உப்புகளான ஃபெரஸ் ஃபியூமரேட்டில் சுமார் 33 சதவீதம், குளுக்கோனேட்டில் 12 சதவீதம் இரும்பு. ஒப்பிட வேண்டியது ‘தனிம இரும்பு’ என்ற எண்ணை.

வாங்குமுன் ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது), வைட்டமின் பி12, டிஎஸ்ஹெச் (தைராய்டுக்கானது) பாருங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் ஃபெரிட்டின் குறைந்திருக்கலாம். உடலில் அழற்சி இருந்தால் ஃபெரிட்டின் பொய்யாக ஏறிக் காட்டும். சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மினோ வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையோ வருடக்கணக்கில் எடுப்பவர்கள் பி12-ஐத் தவறவிடக் கூடாது. முடிக்கு, நகத்துக்கு என்று அதிக அளவு பயோட்டின் என்ற வைட்டமின் எடுப்பவர்கள் ரத்தம் கொடுக்கும்போது அதைச் சொல்லிவிடுங்கள். தைராய்டு முடிவையே அது புரட்டிப் போடும். எத்தனை நாள் முன்பு நிறுத்துவது என்று ஆய்வகத்தில் கேளுங்கள்.

குறைபாடு உறுதியானால் ஒருநாள் விட்டு ஒருநாள் எடுப்பது பற்றி மருத்துவரிடம் கேட்கலாம். ஒரு வேளை இரும்பு உள்ளே போனதும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் ஏறி, ஏறக்குறைய ஒரு நாளுக்கு அடுத்த வேளையின் உறிஞ்சலைக் குறைக்கிறது. டீ, காபி, கால்சியம், ஆன்டாசிட் எதுவும் கூடவே வேண்டாம். ஆண்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இரும்பு குறைந்தால், எங்கே ரத்தம் போகிறது என்று தேடுவதே முதல் வேலை. மாத்திரை டப்பா குழந்தைகள் கைக்கு எட்டவே கூடாது. அதிக அளவு இரும்பு அவர்களுக்கு உயிராபத்து.

கேள்வி: புரோபயாடிக்கில் 10 பில்லியன் பாக்டீரியாவா, 50 பில்லியனா?

பதில்: எண்ணைவிட ரகம் முக்கியம். ‘லாக்டோபேசில்லஸ்’ என்று பாக்டீரியாவின் பொதுப்பெயர் மட்டும் இருந்தால் போதாது. பெயருக்குப் பின்னால் ரகக் குறியீடும் வேண்டும். எண்ணிக்கை ‘தயாரித்தபோது’ என்றிருந்தால் வாங்காதீர்கள், ‘காலாவதி தேதி வரை’ என்றிருக்க வேண்டும். நான்கு வாரத்தில் பலன் தெரியாவிட்டால் விட்டுவிடுங்கள். நோய் எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள் தாமாக வாங்கக் கூடாது.

கேள்வி: ரத்தத் துளி அனுப்பினால் எந்த உணவு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லும் ஐஜிஜி பரிசோதனை வாங்கலாமா? கோதுமையை நிறுத்தப் போகிறேன்.

பதில்: வேண்டாம். ஐஜிஜி என்ற எதிர்ப்புப் புரதம் காட்டுவது பெரும்பாலும் நீங்கள் எதைச் சாப்பிட்டுப் பழகியிருக்கிறீர்கள் என்பதைத்தான். ஒவ்வாமை மருத்துவர்களின் சங்கங்களே இதைப் பரிந்துரைப்பதில்லை.

கோதுமையை நிறுத்துவதற்கு முன்பே சீலியாக் நோய்க்கான (கோதுமையில் இருக்கும் குளூட்டன் புரதத்தால் குடல் பாதிக்கப்படும் நோய்) டிடிஜி-ஐஜிஏ ரத்தப் பரிசோதனையைச் செய்துவிடுங்கள். நிறுத்திய பிறகு செய்தால், நோய் இருந்தும் இல்லை என்று வரலாம். அப்புறம் குறைந்தது ஆறு வாரம் மறுபடி தினமும் கோதுமை சாப்பிட்டுவிட்டுத்தான் சோதிக்க வேண்டியிருக்கும்.

சீலியாக் இல்லையென்றால் குற்றவாளி குளூட்டனாக இல்லாமல், கோதுமை, வெங்காயம், பூண்டு மூன்றிலும் இருக்கும் ஃபிரக்டான் என்ற செரிக்காத கார்போஹைட்ரேட்டாக இருக்கலாம். மெல்போர்னில் மோனாஷ் பல்கலைக்கழகம் வளர்த்தெடுத்த குறை-ஃபாட்மேப் (குடலில் புளித்து வாயுவாகும் கார்போஹைட்ரேட்டுகளைக் குறைக்கும்) உணவுமுறை இதைக் கண்டுபிடிக்கத்தான். நான்கு முதல் ஆறு வாரம் விலக்கி, பிறகு ஒவ்வொரு வகையாக மூன்று நாள் அளவைக் கூட்டிச் சாப்பிட்டுப் பார்ப்பார்கள். பலரும் விலக்குவதோடு நின்றுவிடுகிறார்கள். இந்த உணவுமுறையை உணவியல் நிபுணரின் துணையோடு முழுதாகச் செய்யுங்கள். பரிசோதனை கிட் வாங்கும் பணத்தை அவருக்கே கொடுக்கலாம்.