அறுபதுகளின் மாற்றம் மேடைப் பேச்சோடு நின்றுவிட்டதா, வீட்டுக்குள்ளும் வந்ததா?

அறுபதுகளில் தமிழ்நாட்டில் நடந்ததெல்லாம் மேடைப் பேச்சுதான், வீட்டுக்குள் எதுவும் மாறவில்லை என்று உங்கள் பேராசிரியர் சொன்னதாக எழுதி, அது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் அந்தக் காலத்தைப் புத்தகத்தில் மட்டும் படித்த தலைமுறையைச் சேர்ந்தவர் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். 1965 மொழிப் போராட்டத்தையும் அரிசித் தட்டுப்பாட்டையும் 1967 தேர்தலையும் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். நான் என் தாயாரின் திருமணத்தைப் பற்றி எழுதுகிறேன்.

என் பெற்றோருக்கு 1956-இல் கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் சுயமரியாதைத் திருமணம் நடந்தது. புரோகிதரும் இல்லை, ஓமமும் இல்லை. உள்ளூர் ஆசிரியர் ஒருவர் தலைமை தாங்க, இருவரும் மைக் முன்னால் நின்று, ஒருவரையொருவர் வாழ்க்கைத் துணையாக ஏற்பதாகச் சொல்லி மாலை மாற்றிக்கொண்டார்கள். வந்தவர்கள் கையெழுத்திட்ட நாற்பது பக்க நோட்டு ஒன்று அம்மாவின் டிரங்குப் பெட்டியில் அடியில் கிடந்தது.

1965-இல் அப்பா காய்ச்சலில் இறந்தார். எனக்கு ஏழு வயது. கருமாதி முடிந்து மூன்று மாதம்கூட ஆகாத நிலையில், குடும்பச் சொத்தில் அப்பாவின் பங்காக வரவேண்டிய ஆறு மா (சுமார் இரண்டு ஏக்கர்) நஞ்சையை அம்மா கேட்டதற்குப் பெரியப்பாவிடமிருந்து வக்கீல் நோட்டீஸ்தான் பதிலாக வந்தது. அதில் அம்மாவை மனைவி என்று குறிப்பிடவில்லை. "உடன் வாழ்ந்துவந்த பெண்" என்று எழுதியிருந்தது. சடங்கு இல்லாத இத்தகைய திருமணம் சட்டப்படி செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 1953-லேயே தீர்ப்பளித்திருந்ததை அன்றுதான் நாங்கள் அறிந்தோம். எங்கள் தரப்பு வக்கீலே, "தீ வளர்த்தீர்களா, ஏழடி எடுத்து வைத்தீர்களா, தாலியாவது கட்டினாரா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அம்மா அந்த நோட்டை மேசைமேல் வைத்து, "மால மாத்திக்கிட்டோங்க, மைக்குலயே சொன்னோம், ஊரே கேட்டுச்சு" என்றார். வக்கீல் நோட்டைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் திருப்பிக் கொடுத்தார்.

வைதிக முறையில் மணம் செய்துகொண்டவர்களைக் குறைத்துப் பேச இதை எழுதவில்லை. நான் எந்தக் கட்சியிலும் உறுப்பினரும் அல்ல. அந்தப் பத்தாண்டில் கீழ்வெண்மணியும் நடந்தது, 1968 டிசம்பர் 25 அன்று கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரிந்து மாண்டார்கள் என்பதை எனக்கு யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை. அன்றைய எங்கள் தஞ்சாவூர் மாவட்டத்தில்தான் அது நடந்தது. எல்லாம் மாறிவிட்டது என்று நான் சொல்லவில்லை. எதுவுமே மாறவில்லை என்ற பேச்சைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

ஏனென்றால், 1967-இல் அண்ணா முதலமைச்சரான அதே ஆண்டில் இந்து திருமணச் சட்டத்தில் திருத்தம் நிறைவேறி, அடுத்த ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில், தமக்குப் புரியும் மொழியில், ஒருவரையொருவர் ஏற்பதாக அறிவித்தாலோ, மாலை மாற்றிக்கொண்டாலோ, மோதிரம் அணிவித்தாலோ, தாலி கட்டினாலோ, அது செல்லத்தக்க திருமணம் என்று அச்சட்டம் சொன்னது. அதைவிடப் பெரிது, அதற்கு முன்பு நடந்த சுயமரியாதைத் திருமணங்களும் அவை நடந்த நாளிலிருந்தே செல்லும் என்றும், அவற்றில் பிறந்த பிள்ளைகள் சட்டப்படியான பிள்ளைகளே என்றும் சொன்னது. இறந்துபோன கணவருக்கு என் தாயார் மனைவியானது அந்தச் சட்டத்தால்தான். பழைய நோட்டை வக்கீலே கேட்டு வாங்கி, கையெழுத்திட்டவர்களில் உயிரோடிருந்தவர்களைச் சாட்சிகளாகக் குறித்துக்கொண்டார்.

வழக்கு நீதிமன்றம் வரை போகவில்லை. 1969-இல் பெரியப்பாவே பாகப் பிரிவினைக்கு இசைந்தார். பத்திரம் பதிவான அன்று, எழுத்துக் கூட்டித்தான் படிக்கத் தெரிந்த அம்மா, தம் பெயருக்கு முன்னால் "மனைவி" என்றிருந்த இடத்தில் விரலை வைத்து, அந்த வரியை மட்டும் இன்னொரு முறை படிக்கச் சொன்னார். நான் படித்தேன்.