துடிக்கும் டைம்லாப்ஸ்

கேள்வி: தனுஷ்கோடியில் இடிந்த தேவாலயத்தை டைம்லாப்ஸ் (இடைவெளி விட்டு எடுத்த படங்களைக் கோத்து வேகமாக ஓடவிடும் வீடியோ) எடுத்தேன். ஓடவிட்டால் படம் மின்னி மின்னித் துடிக்கிறதே, ஏன்?

பதில்: கேமரா ஆட்டோ மோடில் (தானியங்கி முறையில்) இருந்திருக்கும். மேகம் கடக்கும்போதெல்லாம் அது ஒளியளவை மாற்றும்; அதுதான் துடிப்பு. மேனுவலுக்கு (நாமே அமைக்கும் முறைக்கு) மாற்றி ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்), ஷட்டர் வேகம், அப்பர்ச்சர் (லென்ஸ் திறப்பு), ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமநிலை), ஃபோகஸ் எல்லாவற்றையும் மாறாமல் வைத்துவிடுங்கள்.

நொடிக்கு 25 படம் வீதம் 10 நொடி வீடியோவுக்கு 250 படங்கள் வேண்டும். மேக ஓட்டத்துக்குப் படத்துக்குப் படம் 5 நொடி இடைவெளி போதும்; 21 நிமிடத்தில் முடியும். ஆனால் 1964 புயல் விட்டுவைத்த அந்தப் பவளக்கல் சுவரில் நிழல் ஊர்வதுதான் பேரழகு. அதற்கு 30 நொடி இடைவெளி, இரண்டு மணி நேரம்.

காற்றுக்கு முக்காலியின் நடுக்கொக்கியில் மணல் பை தொங்கவிடுங்கள். பை தரையைத் தொடட்டும். ஊசலாடினால் படமும் ஆடும். லென்ஸை அங்கே கழற்றவே வேண்டாம். சுவரில் எதையும் சாய்க்காதீர்கள், கல் உதிர்கிறது.