ரயில் நேரத்துக்கு வந்த காலம்

கேள்வி: பிரதமர் இந்திரா காந்தி கொண்டுவந்த எமர்ஜென்சியில் (1975–77) ரயில்கள் நேரத்துக்கு ஓடின, ஆபீஸ்களில் லஞ்சம் குறைந்தது என்கிறார் என் தாத்தா. நமக்குச் சர்வாதிகாரம்தான் சரியோ?

– கல்லூரி மாணவர், திருநெல்வேலி

பதில்: தாத்தா சொல்வது பொய்யில்லை தம்பி, ரயில் வந்தது. ஆனால் வராத நாளில் "வரவில்லை" என்று எழுத முடியாது.

அப்போது நான் ஒரு பத்திரிகையில் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தேன். தமிழ்நாட்டில் 1976 ஜனவரி 31 அன்று தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்ட பிறகுதான் தணிக்கையின் சூடு முழுசாகத் தெரிந்தது. அரிசி விலை பற்றிய நாலு வரித் துணுக்குகூட அடித்துத் திரும்பி வந்தது.

வேடிக்கை என்னவென்றால், காகிதத்தில் எல்லாமே ஜனநாயகம்தான். அரசியலமைப்பின் 352-ஆவது பிரிவுப்படிதான் பிரகடனம். நாடாளுமன்றம் கூடியது, தன் ஆயுளைத் தானே நீட்டியும் கொண்டது. காரணமின்றிச் சிறைவைத்தாலும் நீதிமன்றத்தை அணுக முடியாது என்று உச்ச நீதிமன்றத்தில் ஐந்து நீதிபதிகளில் நால்வர் தீர்ப்பளித்தார்கள். எதிர்த்து எழுதிய ஐந்தாமவர் எச்.ஆர். கன்னாவுக்குக் கிடைக்க வேண்டிய தலைமை நீதிபதி பதவி கைநழுவிப் போனது.

வடக்கே கட்டாயக் குடும்பக் கட்டுப்பாடு. அந்தக் கோபம் டில்லிக்குத் தெரிந்திருக்காது என்றே நினைக்கிறேன். சொல்ல வேண்டிய பத்திரிகைகளின் வாயைத்தான் கட்டியாயிற்றே! 1977 தேர்தலில் உத்தரப்பிரதேசத்தின் 85 தொகுதிகளில் காங்கிரசுக்கு ஒன்றுகூட இல்லை. தன் தொகுதியான ரேபரேலியில் இந்திராவே தோற்றார்.

தமிழ்நாடு மட்டும் அவர் கூட்டணிக்கே அள்ளிக் கொடுத்தது. யாருக்குப் போட்டாள் என்று என் மனைவி இன்றுவரை சொல்லவில்லை.