இறுகிய தசையை மேலும் இறுக்கலாமா?

கேள்வி: தையல் வேலையில் நாள் முழுக்க உட்கார்ந்து தொடையின் பின்பக்கம் இறுகிவிட்டது. பிசியோதெரபிஸ்ட் என் காலைத் தூக்கிப் பிடித்து, "என் கையை எதிர்த்து அழுத்துங்கள்" என்கிறார். இது சரியா?
- வாசகி, திருப்பூர்

பதில்: சரிதான் அம்மா, பயப்படாதீர்கள். 1940களில் அமெரிக்க மருத்துவர் ஹெர்மன் கபாட் உருவாக்கிய சிகிச்சை முறையிலிருந்து வந்தது இது. தசையை இறுக்கித் தளர்த்தியதும், சிறிது நேரத்துக்கு அதிக இழுப்பை உடம்பு பொறுத்துக்கொள்கிறது. தசை ஒரே நாளில் நீண்டுவிடாது.

வீட்டிலும் செய்யலாம். மல்லாந்து படுத்து, பாதத்தில் துண்டைச் சுற்றி, முழங்காலை அதிகம் மடக்காமல், லேசாக இழுக்கும் வரை காலை உயர்த்துங்கள். அங்கிருந்து துண்டை எதிர்த்துக் காலைக் கீழே அழுத்துங்கள், 6 விநாடி. பாதி பலம் போதும். முழு பலத்தையும் போடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அப்புறம் தளர்த்தி, மூச்சை விட்டபடி இன்னும் கொஞ்சம் உயர்த்தி 20 விநாடி வையுங்கள். மூன்று முறை.

அழுத்தும்போது பலர் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள். ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அது ஆகவே ஆகாது. வாய்விட்டு எண்ணுங்கள், மூச்சு தானாக ஓடும். முழங்காலுக்குக் கீழே சுரீரென்று வலியோ மரமரப்போ ஓடினால் நரம்புச் சிக்கலாக இருக்கலாம். உடனே நிறுத்தி, பிசியோதெரபிஸ்டிடம் சொல்லுங்கள்.