எவர்சில்வரிலும் துரு வரும்: பட்டறைக் கேள்வி பதில்

கேள்வி: 316 கிரேடு எவர்சில்வர் தட்டில் 10 மி.மீ. துளை போடுகிறோம். மூன்றாவது துளையிலேயே டிரில் கத்துகிறது, முனை நீலமாகிவிடுகிறது. டிரில் மட்டமானதா? – அம்பத்தூர்

டிரில் மேல் பழி போடாதீர்கள். மைல்டு ஸ்டீலுக்கு வைத்த வேகத்திலேயே ஓட்டுகிறீர்கள், கையையும் பயந்து பயந்து இறக்குகிறீர்கள். 316-ஐ வெட்டாமல் உரசினால் உரசிய இடம் அப்போதே இறுகிவிடும். அப்புறம் புது டிரில் போட்டாலும் அந்த இறுகிய தோலில் முட்டி நிற்கும். கோபால்ட் டிரில் போடுங்கள், நிமிடத்துக்கு 350, 400 சுற்று போதும். ஃபீடை (டிரில் உள்ளே இறங்கும் அளவை) அழுத்தமாகக் கொடுங்கள், சுற்றுக்கு 0.15 மி.மீ. போல. சுருளை எடுக்க வேண்டுமானால் டிரில்லை முழுசாக மேலே தூக்கி, கூலண்ட் விட்டு, மறுபடி இறக்குங்கள். துளைக்குள் அது சும்மா சுற்றிக்கொண்டு நிற்கக் கூடாது. உரசாதீர்கள், வெட்டுங்கள்.

கேள்வி: 304 என்று வாங்கிய தகட்டை வளைத்ததும் வளைவில் காந்தம் லேசாக ஒட்டுகிறது. ஏமாந்துவிட்டேனா? – கிண்டி

வளைத்த 304-ல் அப்படித்தான் ஒட்டும். மாங்கனீஸ் கூடுதலாக, நிக்கல் குறைவாக உள்ள 200 சீரிஸ் மலிவுச் சரக்கில் காந்தம் ஒட்டாமலும் போகலாம். ஆகவே காந்தத்தை வைத்து கிரேடு சொல்லாதீர்கள். 304-ஆ 316-ஆ என்று பிரித்தறிய மாலிப்டினம் சொட்டுச் சோதனை போதும், 316-ல்தான் மாலிப்டினம் சேர்ப்பார்கள். கையடக்க எக்ஸ்-ரே கருவி கிரேடைச் சொல்லும். ஆனால் அது கார்பனை அளக்காது, 316-ஆ, கார்பன் குறைந்த 316 எல்-ஆ என்று அதனிடம் கேட்காதீர்கள். அதற்கு ஹீட் நம்பரோடு (எந்த உருக்கில் வந்த சரக்கு என்று சொல்லும் எண்) மில் சான்றிதழ் வேண்டும், அல்லது லேபில் ஸ்பெக்ட்ரோ எடுக்க வேண்டும்.

கேள்வி: 303 வெண்ணெய் மாதிரி வெட்டுகிறது. படகுக்கு ஃபிட்டிங் செய்யலாமா? – திருமுடிவாக்கம்

கூடாது. வேலை சுலபமாக ஓட வேண்டுமென்று அதில் சேர்த்த கந்தகமே உப்புத் தண்ணீரில் குழி விழ வழி விடும்.

கேள்வி: 316-ல் படகுக் கைப்பிடிக்கு பிராக்கெட் செய்து கொடுத்தோம். ஒரே வாரத்தில் பழுப்புப் புள்ளி வந்துவிட்டதாம். வியாபாரி சரக்கை மாற்றிவிட்டாரா? – காசிமேடு

இருக்கலாம், சோதித்துப் பாருங்கள். ஆனால் வியாபாரியைத் திட்டுவதற்கு முன் உங்கள் மேஜையைப் பாருங்கள். இதைப் பல முறை எழுதிவிட்டேன், இன்னும் எழுதுவேன்.

இருபது வருஷத்துக்கு முன் நான் அனுப்பிய அறுபது கிளாம்ப் இதே மாதிரி புள்ளி விழுந்து மொத்தமாகத் திரும்பி வந்தது. சரக்கு அசல் 316, சான்றிதழும் சரி. கடைசியில் பார்த்தால், பிசிறு எடுத்த பையன் மைல்டு ஸ்டீல் வெல்டிங்கைத் தேய்க்கும் கம்பி பிரஷ்ஷையே இதற்கும் எடுத்திருக்கிறான். தனி பிரஷ் வாங்கித் தராதது என் தப்பு. அறுபதையும் சுத்தம் செய்து, என் செலவில் மறுபடி அனுப்பினேன்.

எவர்சில்வரைக் காப்பது அதன் மேலுள்ள குரோமியம் ஆக்ஸைடு படலம். சில நானோமீட்டர் கனம்தான் இருக்கும். இரும்புத் துகள் அதில் பதிந்துவிட்டால், உப்புக்காற்று பட்டதும் முதலில் துகள் துருப்பிடிக்கும். அந்தத் துருவுக்கு அடியில் உப்பிலுள்ள குளோரைடு தங்கிவிட்டால் 316-லும் குழி விழும். பிரஷ், அரம், கிரைண்டிங் சக்கரம் மூன்றையும் எஸ்.எஸ்.ஸுக்கென்று (எவர்சில்வருக்கென்று) தனியாக வையுங்கள். வைஸ் தாடைக்கு அலுமினியத் தகடு போடுங்கள். பக்கத்தில் எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) கிரைண்ட் செய்யும் பொறி இந்தப் பக்கம் தெறிக்கக் கூடாது. அதே லேத்தில் காலையில் எம்.எஸ். ஓட்டினீர்களா? அப்படியானால் கூலண்ட் தொட்டியையும் சுத்தம் செய்யுங்கள்.

வேலை முடிந்ததும் எண்ணெயை நன்றாகப் போக்கிவிட்டு பாசிவேட் செய்யுங்கள், அதாவது ஒட்டிய இரும்பை ஆசிட்டில் கரைத்துக் காப்புப் படலத்தை மீட்டெடுங்கள். 100 லிட்டர் தண்ணீருக்கு 5, 6 கிலோ சிட்ரிக் ஆசிட், 50–60 டிகிரி சூடு, அரை மணி நேரம். எண்ணெயோடு முக்கினால் ஆசிட் உள்ளே போகாது, வீண். பிறகு நல்ல தண்ணீரில் அலசுங்கள். சந்தேகம் இருந்தால் நாலு பீஸை எடுத்து ஒரு மணி நேரம் நனைத்து, ஒரு மணி நேரம் காயவிட்டு, ஒரு நாள் முழுக்க மாற்றி மாற்றிச் செய்யுங்கள். ஒட்டியிருக்கும் இரும்பு தானே காட்டிக்கொடுக்கும். உப்புக்காற்றில் படகில் தெரிவதைவிட உங்கள் பட்டறையில் தெரிவது நல்லது.

கேள்வி: பழுப்புப் புள்ளியைக் கழிப்பறை கழுவும் ஆசிட்டால் துடைக்கலாமா? – ராயபுரம்

தொடவே தொடாதீர்கள். அது ஹைட்ரோகுளோரிக். எந்த குளோரைடுக்குப் பயப்படுகிறோமோ அதையே ஊற்றுகிறீர்கள்.

கேள்வி: இரவு மெஷினிலேயே விட்ட பீஸில் காலையில் கறை தெரிகிறது. போர் தண்ணீரில்தான் கூலண்ட் கலக்கிறோம். – எண்ணூர்

பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள். உங்கள் பக்கம் நிலத்தடியில் உப்பு அதிகம். தண்ணீர் ஆவியாக ஆவியாகத் தொட்டியில் உப்பு ஏறிக்கொண்டே போகும். ஆர்.ஓ. தண்ணீரில் கலந்து, 8–10 சதவீதம் வையுங்கள். பீஸை இரவில் மெஷினில் விடாதீர்கள்.

கேள்வி: 316 போல்ட்டில் 316 நட் பாதியில் கடித்துக்கொண்டது. திரும்பவே மாட்டேன் என்கிறது. – கொட்டிவாக்கம்

அறுத்து எடுங்கள். அடுத்த முறை ஆன்டி-சீஸ் பேஸ்ட் (மரை கடிக்காமல் தடுக்கும் பசை) தடவி, கையால் மெதுவாக முறுக்குங்கள். பவர் டூல் வேண்டாம்.

கேள்வி: எலும்பு முறிவுத் தட்டுக்கு ஆர்டர் வந்திருக்கிறது. மார்க்கெட்டில் கிடைக்கும் 316 எல் கம்பி போதுமா? – பெருங்குடி

போதாது. உடம்புக்குள் வைப்பதற்கு ஐ.எஸ்.ஓ. 5832-1 தரத்து ஸ்டீல் வேண்டும். மாலிப்டினமும் நிக்கலும் கூடுதல், உள்ளே கசடு மிகக் குறைவு. பெயர் ஒன்றுபோல் இருந்தாலும் சரக்கு வேறு. செய்து விற்பவருக்கு 2017-ன் மெடிக்கல் டிவைசஸ் ரூல்ஸ்படி உரிமமும் வேண்டும். ஆர்டர் கொடுத்தவரிடம் சரக்கையும் சான்றிதழையும் அவரே தரச் சொல்லுங்கள். நீங்கள் வெட்டும் ஒவ்வொரு துண்டிலும் ஹீட் நம்பர் தொடர வேண்டும். மீந்த துண்டை வேறு வேலையின் கம்பியோடு போடாதீர்கள். நோயாளியின் உடம்பு இது, அவசரம் வேண்டாம். இங்கேயும் பிரஷ், அரம், சக்கரம் மூன்றும் தனி.

கேள்வி: எஸ்.எஸ். ஷாஃப்ட்டை லேத்தில் கடைய நல்ல இன்சர்ட் (மாற்றிப் போடும் வெட்டு முனை) எது சார்? – ஊர் எழுதவில்லை

எந்த எஸ்.எஸ்.? 304-ஆ, 420-ஆ, 2205 டூப்ளெக்ஸா? விட்டம் எவ்வளவு, நீளம் எவ்வளவு, டெயில்ஸ்டாக் உண்டா? ரஃபிங்கா ஃபினிஷிங்கா? ஒரு வரியில் கேட்டால் உங்கள் காசுக்குத்தான் நஷ்டம். இதையெல்லாம் எழுதி, இப்போது எந்த இன்சர்ட் போட்டு எத்தனை பீஸில் முனை போகிறது என்பதையும் சேர்த்து அனுப்புங்கள். அடுத்த முறை உங்கள் கடிதத்தைத்தான் முதலில் எடுப்பேன்.