அமராவதியின் பழைய பெயர்

கேள்வி: பேத்திக்கு ஏழு மாதமாகிறது. ‘பொருநை’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அது திருநெல்வேலி ஆற்றின் பெயர், நமக்கு எதற்கு என்கிறார் என் கொழுந்தனார். என் மாமியார் பெயர் அமராவதி; அதை வைப்பார்கள் என்றிருந்தேன். நான் குழந்தையைப் பாப்பா என்றே அழைக்கிறேன். பெயரை மாற்றச் சொல்லலாமா?
– ஒரு வாசகி, தாராபுரம்

பதில்: அம்மா, மாமியார் பெயர் அமராவதி என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். என்னால் அந்த வரியைக் கடக்க முடியவில்லை. உங்கள் ஊர் வழியே ஓடி, கரூரைத் தாண்டித் திருமுக்கூடலூரில் காவிரியோடு சேரும் அமராவதிக்குச் சங்க காலத்தில் வழங்கிய பெயர் ஆன்பொருநை. சோழன் கிள்ளிவளவன் கருவூரை முற்றுகையிட்டிருந்தபோது ஆலத்தூர் கிழார் பாடிய புறநானூற்று 36ஆம் பாடலில், சிலம்பணிந்த பெண்கள் பொன்னால் செய்த கழங்குக் காய்களை வைத்து விளையாடுவது இந்த ஆற்றின் வெண்மணலில்தான். தாமிரபரணிக்கும் பொருநை என்ற பெயர் உண்டு என்பதால் கொழுந்தனார் சொன்னது பாதி சரி. மீதிப் பாதி அவருடைய சொந்தத் தாயின் பெயர் என்பதை அவருக்குச் சொல்லுங்கள்.

இது தற்செயலாக அமைந்தது என்று நான் நம்பவில்லை. கொழுந்தனாரிடம் பேசினீர்கள், எனக்குக் கடிதம் எழுதினீர்கள், ஏழு மாதத்தில் ஒரு நாளாவது மருமகளிடம், “ஏனம்மணி இந்தப் பெயர்?” என்று கேட்டீர்களா? பெற்றவளைக் கேட்காமல் ஊரைக் கேட்பது பெரியவர்கள் செய்யும் காரியமன்று.

பேரன், பேத்தி என்னும் சொற்களே பெயரிலிருந்து பிறந்தவை. மூத்தோர் பெயரைப் பிள்ளைகள் தாங்க வேண்டும் என்பதில் நானும் உங்கள் கட்சிதான். ஆனால் மாமியார் பெயரை வாய்விட்டுச் சொல்லாத வழக்கத்தில் வளர்ந்தவர் நீங்கள். அமராவதி என்றே வைத்திருந்தால், அந்தக் குழந்தையை ஒரு நாளும் பெயர் சொல்லி அழைத்திருக்க மாட்டீர்கள். அப்போதும் அவள் உங்களுக்குப் பாப்பாதான். உங்கள் மாமியார் பெயரை, அப்பத்தாவான நீங்கள் கூச்சமின்றிக் கூப்பிடும்படி கொடுத்திருக்கிறாள் மருமகள். மகன் வீட்டுக்கு வந்தவள் செய்ய வேண்டிய கடமையை அவள் செய்துவிட்டாள்; உங்களுடையதுதான் பாக்கி.

மாற்றச் சொல்லாதீர்கள். பிறப்புச் சான்றிதழில் பெயர் இன்னும் ஏறவில்லையென்றால், 12 மாதத்துக்குள் கட்டணமின்றிப் பதியலாம். மகனை நீங்களே அனுப்புங்கள். அதற்கு முன் மருமகளை அருகில் உட்காரவைத்து, அமராவதி என்ற அந்த மனுஷி எப்படிப்பட்டவர் என்று சொல்லுங்கள். பெயர் வைத்தவளுக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.