காயத்தின் பக்கத்தில் ஒரு ஸ்கேல் வையுங்கள்

பதில் அளிப்பவர்: அரசு மருத்துவக் கல்லூரியில் சட்ட மருத்துவம் கற்பித்து ஓய்வுபெற்ற பேராசிரியை

கேள்வி: என் தங்கையை அவள் கணவர் தடியால் அடித்திருக்கிறார். தோளும் முதுகும் கன்றிப்போயிருக்கின்றன. செல்போனில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பினாள். "போன்ல எடுத்த படமெல்லாம் கோர்ட்டில் செல்லாது" என்கிறார் சித்தப்பா. உண்மையா? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: செல்லும், அம்மா. ஆனால் முதல் வேலை படம் அல்ல. தங்கையை இன்றே அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போங்கள். போலீஸில் புகார் கொடுத்துவிட்டுத்தான் வரவேண்டும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். யார் அடித்தார், எதைக் கொண்டு அடித்தார், எப்போது என்று டாக்டரிடம் சொல்லி விபத்துப் பதிவேட்டில் பதிய வையுங்கள். 'ஏ.ஆர். காப்பி' என்று கேட்டால் அங்கே புரியும். டாக்டர் அளந்து எழுதுவதுதான் வழக்கின் அடித்தளம், படம் அதற்குத் துணை. போகவே பயமாக இருந்தால் 181 என்ற பெண்கள் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள்.

இனி படத்துக்கு வருகிறேன். கருத்துச் சொல்லும்படி என்னிடம் வந்த படங்களில் பெரும்பாலானவற்றில் ஒரே குறைதான். காயத்தை மட்டும் மிகக் கிட்டத்தில் எடுத்திருப்பார்கள். அது தொடையா, மேற்கையா, இடமா, வலமா, எதுவும் தெரியாது. அதனால் முதலில் முகம் தெரியும்படி ஆள் முழுவதும் ஒரு படம். பிறகு தோளும் கழுத்தும் சேர்ந்து தெரியும்படி ஒன்று. அதற்குப் பிறகுதான் காயம் மட்டும். அந்தக் கிட்டத்துப் படத்தை இரண்டு முறை எடுக்க வேண்டும்: ஸ்கேல் இல்லாமல் ஒன்று, காயத்தை ஒட்டி, அதே மட்டத்தில் ஸ்கேல் வைத்து ஒன்று. ஸ்கேல் இல்லாத படம் எதற்கு என்றால், ஸ்கேலுக்குக் கீழே எதையும் மறைக்கவில்லை என்று காட்டத்தான். பிள்ளைகளின் ஜியோமெட்ரி பாக்ஸில் இருக்கும் ஸ்கேலே போதும். போனைக் காயத்துக்கு நேர் எதிரே பிடியுங்கள், சாய்த்தால் அளவு பொய் சொல்லும். போனைக் காயத்துக்கு மிகக் கிட்டத்தில் கொண்டுபோனால் லென்ஸே உருவத்தை வளைத்துவிடும். ஓரடி இரண்டடி தள்ளி நின்று ஜூம் செய்வது நல்லது.

அளவுக்கு ஏன் இவ்வளவு அழுத்தம் தருகிறேன் என்று கேட்பீர்கள். உருட்டுத்தடியால் ஓங்கி அடித்தால் தோல் ஒரே பட்டையாகக் கன்றுவதில்லை. இணையாக இரண்டு சிவந்த கோடுகள் விழும், நடுவில் வெளிறியிருக்கும். தடி பட்ட இடத்திலிருந்து ரத்தம் இரு பக்கமும் நெட்டித் தள்ளப்பட்டு, ஓரங்களில் நுண்குழாய்கள் இழுபட்டு உடைவதால் வரும் கோடுகள் அவை. இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் தடியின் பருமனை ஏறக்குறையச் சொல்லிவிடும். "மாடிப்படியில் விழுந்துவிட்டாள்" என்று எதிர்த்தரப்பு சொல்லும்போது, முதுகில் இருக்கும் அந்தக் கோடுகளை விளக்குவது அவர்களுக்குச் சிரமம். ஸ்கேல் இல்லாத படத்தில் கோடுகள் தெரியும், தூரம் தெரியாது.

ஜன்னலோர வெளிச்சம் நல்லது. ஃபிளாஷ் நேராக அடித்தால் தோல் பளபளத்துக் கன்றல் மறைந்துபோகும். நம் மாநிறத் தோலில், கறுத்த தோலில் இது இன்னும் மோசம். பச்சைச் சுவரும் நீலச் சேலையும் தோலில் தங்கள் நிறத்தை ஏற்றிவிடும். ஒரு வெள்ளைத் தாளும் படத்துக்குள் வரும்படி வைத்துவிட்டால் பிறகு நிறத்தைச் சரிபார்க்கலாம். முகத்தை அழகாக்கும் ஃபில்டரைக் கண்டிப்பாக அணைத்துவிடுங்கள்.

இன்று எடுத்ததோடு விடாதீர்கள். ஆழத்தில் கசிந்த ரத்தம் மேலே வர ஓரிரு நாள் ஆகலாம். நெற்றியில் பட்ட அடி மறுநாள் கண்ணைச் சுற்றிக் கறுப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு வாரத்துக்குத் தினமும் அதே இடம், அதே வெளிச்சம், அதே ஸ்கேல். நிறத்தை வைத்து "இது மூன்றாம் நாள் காயம்" என்று அடித்துச் சொல்பவரை மட்டும் நம்பாதீர்கள். மஞ்சள் தெரிந்தால் அடிபட்டு ஏறத்தாழ 18 மணி நேரமாவது ஆகியிருக்கும் என்பதுவரை சொல்லலாம், அவ்வளவுதான்.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி, எடுத்த தேதி நேரத் தகவலும் போய்விடும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். அசல் படம் தங்கையின் போனிலேயே இருக்கட்டும், அந்தப் போனை விற்கவோ ரீசெட் செய்யவோ வேண்டாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவில் இதற்கென ஒரு சான்றிதழ் உண்டு. பழைய சட்டத்தில் 65பி என்றார்களே, அதன் தொடர்ச்சி. அதில் கோப்பின் 'ஹாஷ்' எண்ணை, அதாவது கோப்புக்குக் கைரேகை போன்ற எண்ணைக் குறிப்பிட வேண்டும். படத்தில் ஒரு புள்ளியைத் திருத்தினாலும் அந்த எண் மாறிவிடும். ஒரு பகுதியில் போனை வைத்திருப்பவரும் இன்னொன்றில் நிபுணரும் கையெழுத்திட வேண்டும். வக்கீல் பார்த்துக்கொள்வார். சித்தப்பாவுக்கும் இதைப் படித்துக் காட்டுங்கள்.

கேள்வி: கொலை நடந்த இடத்தில் எண் எழுதிய மஞ்சள் அட்டைகளை வைத்துப் படம் எடுக்கிறார்களே, ஏன்? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: ஒவ்வொரு தடயத்துக்கும் ஓர் எண். அறை முழுவதையும் எடுத்த படத்திலும், கிட்டத்தில் எடுத்த படத்திலும், பறிமுதல் பட்டியலிலும் அதே எண் வந்தால் குழப்பம் இல்லை. அட்டை வைப்பதற்கு முன்பே, யாரும் எதையும் தொடாத நிலையில் ஒரு சுற்று எடுத்திருக்க வேண்டும். 7 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை தரக்கூடிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வர வேண்டும், வீடியோவும் எடுக்க வேண்டும் என்று புதிய நாகரிக் சுரக்‌ஷா சட்டம் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 176(3)-ஆம் பிரிவு சொல்கிறது. நான் மனதார வரவேற்கும் பிரிவு இது.

கேள்வி: பல் மருத்துவம் படிக்கிறேன். கடித்த காயத்தின் படத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க முடியுமா? (மாணவர், சென்னை)

பதில்: தம்பி, 2012 டெல்லி நிர்பயா பாலியல் வன்கொடுமை வழக்கில் அது நடந்தது. மருத்துவமனையில் எடுத்த கடிகாயப் படங்களும் குற்றம் சாட்டப்பட்டவர்களின் பல் அச்சுகளும் கர்நாடகாவின் தார்வாடில் உள்ள பல் மருத்துவக் கல்லூரிக்குப் போயின. 2017 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அந்த அறிக்கையையும் ஏற்றுக்கொண்டது. அங்கே டி.என்.ஏ. உட்பட வேறு வலுவான சான்றுகளும் இருந்தன. கடித்த குறியை மட்டும் நம்புவது ஆபத்து. தோல் மெழுகல்ல, இழுபடும், வீங்கும். அமெரிக்காவில் இதை வைத்துத் தண்டிக்கப்பட்ட சிலர் பல ஆண்டுகளுக்குப் பிறகு டி.என்.ஏ. சோதனையால் விடுதலை ஆனார்கள். 2016-இல் அந்நாட்டு அதிபரின் அறிவியல் ஆலோசனைக் குழுவும் இந்த முறைக்குப் போதிய அறிவியல் அடிப்படை இல்லை என்றது. நீங்கள் இந்தத் துறைக்கு வந்தால் வரிசையை மாற்றாதீர்கள்: முதலில் எதையும் தொடாமல் படம், அடுத்து உமிழ்நீருக்காகப் பஞ்சுக்குச்சியால் ஒத்தி எடுப்பது, அதன் பிறகே 'எல்' வடிவ ஸ்கேலை வைத்துப் படம்.